வாசலில் நட்ட பலகை

ஜனவரி 14, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எஸ்டில் எழுதுவது. இங்கே ஜன்னல் வழியாக ஒரு சுவர்தான் தெரியும். குளிர்காலம் வந்துவிட்டது என்று என் முதுகுதான் எனக்குச் சொல்கிறது. சுரங்கத்தில் கூரை சரிந்து விழுந்தபோது உடைந்த இடம் இப்போது நல்ல வானிலை அறிக்கை வாசிக்கிறது. மற்றபடி குறையொன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர் ராட்னி மாமாவின் முழங்கால் எப்படி? இன்னும் டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாரா?

போனில் பேசலாம்தான். ஆனால் அதில் பேசும்போது நடுவில் யாரோ மூச்சு விடுகிற மாதிரியே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா, அரசு வழக்கறிஞர் கோம்ப்ஸை எதிர்த்து லூரா ஸ்டேசி நிற்கிறாராமே? இங்கே நூலகத்துக்கு நம் ஊர்ப் பத்திரிகை ஒரு வாரம் பழசாகி வரும். அதில் பார்த்தேன். கோம்ப்ஸும் டெமாக்ரட், ஸ்டேசியும் டெமாக்ரட். நம் கவுண்டியில் இந்தப் பதவிக்கு மற்றக் கட்சியில் ஆள் நிற்பதே இல்லை. ஆகவே மே மாதம் கட்சிக்குள் நடக்கும் தேர்தலில் யார் ஜெயிக்கிறாரோ, அவர்தான் அடுத்த அரசு வழக்கறிஞர். நவம்பர் தேர்தல் சும்மா பெயருக்கு.

அடுத்த வருடம் பிப்ரவரியில் என்னை முன்விடுதலை வாரியம் மறுபடி விசாரிக்கப் போகிறது. போன தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் நடத்தையைப் பற்றி ஜெயிலர் எழுதியது நன்றாகவே இருந்தது. பாதிரியார் எழுதியதும் நன்றாக இருந்தது. கோம்ப்ஸ் எழுதிய ஒரு பக்கக் கடிதம் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓபல் அக்கா பெற்ற பிள்ளை கேலா செத்தது நான் விற்ற மாத்திரையால். எனக்குக் கொடுத்த வலி மாத்திரையை நான் விற்றேன், அவள் வாங்கினாள். அதை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஆனால் கோம்ப்ஸ் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டேசி அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டேன் என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஓட்டு இல்லை. உனக்கு இருக்கிறது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். பனியில் வண்டியை வேகமாக ஓட்டாதே.

உன் தம்பி,
எஸ்டில்


பிப்ரவரி 4, 2018
மட்லிக் ஓடை

தம்பி எஸ்டிலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஓடை பாதிப் பாலத்தை மூடிக்கொண்டு ஓடியது. தபால்காரம்மா அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கடுதாசிய எறியட்டுமா, நீ வந்து வாங்குறியா?" என்று கத்தினாள். நான்தான் போய் வாங்கினேன். எனக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை. மாமாவின் முழங்கால் அப்படியேதான். டாக்டர் என்றாலே இப்போது அவருக்குச் சந்தேகம். அதை நான் குறை சொல்ல முடியுமா?

ஆமாம், ஸ்டேசி நிற்கிறார். கோம்ப்ஸ் ஆட்கள் போன சனிக்கிழமையே வீடு வீடாக வந்து அவர் பெயர் அச்சடித்த ஈ அடிக்கும் மட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரியில் ஈ எங்கே? மாமா அதை வைத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே எட்டி டிவி பொத்தானை அழுத்துகிறார். "இவரு பதவிக்கு வந்ததுலேருந்து எனக்குச் செஞ்ச ஒரே உபகாரம் இதுதான்" என்கிறார். ஸ்டேசி பக்கம் நகம் தேய்க்கும் அட்டை. என்னிடம் இருக்கிற நகத்துக்கு அது போதும்.

எஸ்டில், ஒரு விஷயம் பத்திரிகையில் வந்திருக்காது. உனக்கு அந்த மாத்திரைகளை வாளி வாளியாக எழுதிக்கொடுத்தாரே, நெடுஞ்சாலை ஓரத்துக் கிளினிக் டாக்டர், அவருக்கு வக்கீலாக நின்றவர் லூரா ஸ்டேசிதான். அந்தக் கிளினிக்கை இழுத்து மூட வைத்தவர் கோம்ப்ஸ். இரண்டு வருடம் விடாமல் துரத்தினார். உன்னைப் பிடித்த கைதான் அந்த டாக்டரையும் பிடித்தது. இதை யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. உன்னைக் கெடுத்தவனைக் காப்பாற்றப் பார்த்தவருக்கு ஓட்டுப் போட்டு உன்னை வெளியே கொண்டுவர வேண்டுமாம். இது என்ன கணக்கு?

யோசிக்கிறேன். மே மாதம்வரை நேரம் இருக்கிறதே. அவசரப்படுத்தாதே.

ஓபல் அக்கா நன்றாக இருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. பீன்ஸில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா,
ட்ரீமா


பிப்ரவரி 20, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குச் சளி விட்டதில் சந்தோஷம். இங்கே பாதிப் பேர் இருமிக்கொண்டிருக்கிறார்கள். என்னை இன்னும் தொடவில்லை.

ஸ்டேசி அந்த டாக்டருக்கு வக்கீல் என்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு யோசித்தேன். வக்கீல் வேலை அதுதானே? கூப்பிட்டவனுக்காகப் பேசுவது. எனக்காகப் பேசிய வக்கீல் என் பெயரையே இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். நல்ல வக்கீலாக ஸ்டேசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்?

கோம்ப்ஸ் நல்லவர் என்று நீ எழுதவில்லை. ஆனால் எழுதாமலே எழுதியிருக்கிறாய். அவர் கேலாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தது எனக்கும் தெரியும். அவர் நல்லவராகவே இருக்கட்டும் அக்கா. அவருடைய நல்ல குணத்தால்தான் நான் இங்கே கிழவனாகப் போகிறேன்.

நீ யோசிக்கிறேன் என்கிறாய். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. கடையில் துணி எடுக்கிற மாதிரி இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நாலு பேரிடம் பேசு. சர்ச்சில் பேசு. நம் ஓடையில் மட்டும் எத்தனை வீடு!

ஓபல் அக்காவைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எஸ்டில்


மார்ச் 25, 2018
மட்லிக் ஓடை

தம்பி எஸ்டிலுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமா உருளைக்கிழங்கு நடுகிறேன் என்று மண்ணைக் கிளறி வைத்தார், மறுபடி பனி விழுந்துவிட்டது. வீட்டில் உறுமிக்கொண்டே திரிகிறார்.

நேற்று தீயணைப்பு நிலையத்தில் மீன் வறுவல் விருந்து. தேர்தலுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் வந்து கைகுலுக்குவார்களே, அதுதான். ஷெரீஃபுக்கு நிற்பவர், கிளார்க்குக்கு நிற்பவர், ஜெயிலருக்கு நிற்பவர் என்று மீனை விட வேட்பாளர்கள் அதிகம். கோம்ப்ஸ் பேசும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இந்த கவுண்டில நான் எத்தனை பெட்டி தூக்கிருக்கேன்னு உங்களுக்கே தெரியும்." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். கரண்டிச் சத்தம்கூட இல்லை. எனக்குக் கேலா ஞாபகம்தான் வந்தது, எஸ்டில். பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு லூரா ஸ்டேசியைக் காபி மேசை பக்கம் பிடித்தேன். நான் நினைத்ததை விடக் குள்ளம். கேட்டே விட்டேன். "என் தம்பி உள்ள இருக்கான். பிப்ரவரில விசாரணை வருது. நீங்க எதிர்த்துக் கடிதம் போடுவீங்களா?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆளுக்குன்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. குடுத்தா அது தப்பு. ஆனா வர்ற பேருக்கெல்லாம் ஒரே கடிதத்த அச்சடிச்சு அனுப்புற வேலைய நிறுத்திருவேன். ஒவ்வொண்ணையும் படிப்பேன்."

"அந்த டாக்டரோட கேசையும் படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் முகம் சிவந்தது. "படிச்சேன். படிச்சதுனாலதான் இப்ப நிக்கிறேன்" என்றார். அது நிஜமா, மேடைப் பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமாவைக் கேட்டேன். "ரெண்டு பேருமே வக்கீலு. மீன் நல்லாருந்துது" என்றார்.

வேறு விசேஷம் இல்லை. பனி விட்டதும் மறுபடி நடவு. முதுகுக்குச் சூடு கொடு.

அக்கா,
ட்ரீமா


ஏப்ரல் 22, 2018

அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

வெர்லின் போன வாரம் இங்கே வந்து சேர்ந்தான். ஸ்கூல் பஸ் ஓட்டுவானே, அவனேதான். என்ன செய்துவிட்டு வந்தான் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே ஊர்க் கதையெல்லாம் சொன்னான். அவனைக் கொண்டுவந்த ஷெரீஃப் வண்டி நம் ஓடை வழியாகத்தான் வந்ததாம். "உங்க அக்கா வீட்டு வாசல்ல கோம்ப்ஸுக்கு ஓட்டுக் கேட்டுப் பலகை ஒண்ணு நல்லாப் பெருசா நிக்குதுடா. நீ ஏன் ஸ்டேசி, ஸ்டேசின்னு குதிக்கிற?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோம்ப்ஸ் பலகை. நம் அம்மா செம்பருத்தி வைத்திருந்த இடத்தில்.

யோசித்து முடித்துவிட்டாய் போலிருக்கிறது. எழுதியிருக்கலாம்.

எஸ்டில்


ஏப்ரல் 29, 2018
மட்லிக் ஓடை

எஸ்டில்,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றே படித்தேன். காபியைக் கொட்டிவிட்டேன். மாமா துடைத்தார். அவர் துடைத்தால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஓபல் அக்கா வந்தார். ஒரு கையில் பலகை, இன்னொரு கையில் மரச் சுத்தியல். அந்த உடம்போடு ஓடைப் பாலத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தேன்.

"கோம்ப்ஸ் தோத்துருவாரோன்னு பயமா இருக்கு ட்ரீமா. எல்லாரும் இந்த ஸ்டேசிப் பொண்ணு பின்னாடி போறாங்க. நான் வீடு வீடாப் பலகை நடுறேன்" என்றார். நான் காலி டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"உன் வீட்டுல நட்டாத்தான் நாலு பேரு பாப்பாங்க. நீயே நட்டிருக்கன்னு தெரிஞ்சா, அப்புறம் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. உன்கிட்ட இதக் கேக்கக் கூடாதுதான். தெரியுது. ஆனா கேக்குறேன்."

எஸ்டில், இத்தனை வருடத்தில் அந்தம்மா என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. கேலா போன பிறகு என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. எனக்கு நிமோனியா வந்தபோது சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர். உன் தங்கச்சி மாதிரி வளர்ந்த பிள்ளையைப் புதைத்துவிட்டு, அந்தப் புதைகுழிக்குக் காரணமானவனின் அக்கா வீட்டுக்குச் சூப். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வேண்டாம் அக்கா, உங்க பொண்ணைக் கொன்னவன் வெளிய வரணும், நான் மத்த ஆளுக்குப் போடப்போறேன்" என்றா?

அவரால் சுத்தியலைத் தூக்க முடியவில்லை. நான்தான் அடித்தேன். ஆமாம், நானே என் கையால் நட்டேன். அதையும் தெரிந்துகொள்.

ஒரு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். எழுத உட்காரும்போதெல்லாம் ஜன்னல் வழியே அது தெரிகிறது.

பலகை ஓட்டு இல்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

செம்பருத்தி இன்னும் இருக்கிறது. அது இடது பக்கம்.

ட்ரீமா


மே 6, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நான்கு நாளாகிறது. திட்ட முடியவில்லை. சுத்தியல் உன் கையில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. நானாக இருந்தாலும் நட்டிருப்பேன். ஓபல் அக்கா கேட்டு இல்லை என்று சொல்கிற முகம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை.

பலகை இருக்கட்டும். எடுக்காதே. எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் ஓட்டுப் போடும் இடத்தில் ஒரு மறைப்பு வைத்திருப்பார்கள் அல்லவா? அதற்குள் நீ மட்டும்தான் நிற்கப் போகிறாய். கோம்ப்ஸ் வர மாட்டார், ஓபல் அக்கா வர மாட்டார், மாமாவும் வர மாட்டார். அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கொடு. பிறகு வெளியே வந்து யாரிடம் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

எனக்கு வெளியே வந்து செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. மாமாவோடு சேர்ந்து அந்தப் பாலத்துக்குப் பலகை மாற்ற வேண்டும். மழையில் நனைய வேண்டும். அவ்வளவுதான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. கெஞ்சுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் தம்பி,
எஸ்டில்


மே 27, 2018

அக்கா! அக்கா!

நீ சுகமா, மாமா சுகமா, ஓடை சுகமா, எல்லாம் சுகமா? வெர்லின் பெண்டாட்டி போனில் சொன்னாளாம். ஸ்டேசி ஜெயித்துவிட்டார்! விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டு வித்தியாசமாம். வெர்லின் ஓடி வந்து சொன்னபோது நான் துணி துவைக்கும் வேலையில் இருந்தேன். ஈரப் போர்வையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விரல்களில் ஒன்று உன்னுடையது என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டாம் என்று நானே எழுதினேன் அல்லவா? ஆனால் நான் நன்றி சொல்லலாமே. வாசலில் அந்தப் பலகையை வைத்துக்கொண்டு நீ உள்ளே போய்ச் செய்த காரியத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வெர்லினிடம், "எங்க அக்காவப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, பாத்துக்க" என்றேன். அவன் என் பங்கு சோள ரொட்டியைத் தின்றுவிட்டான். தின்னட்டும்.

உடனே எழுது.

எஸ்டில்


ஜூன் 17, 2018
மட்லிக் ஓடை

என் தம்பி எஸ்டிலுக்கு,

உன் சந்தோஷக் கடிதத்தை மூன்று வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். உடம்புக்கெல்லாம் ஒன்றும் இல்லை. மாமாவுக்கும் ஒன்றும் இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன்.

எனக்கு நன்றி சொல்லாதே. நான் போடவே இல்லை.

தேர்தல் அன்று சீக்கிரமாகவே தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். முந்தின நாள் முழுவதும் யோசித்து ஒரு முடிவோடுதான் போனேன். மேசைக்குப் பின்னால் நம்ம ஆர்லீன் உட்கார்ந்திருந்தாள். பெயர்ப் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மறுபடி ஓட்டினாள். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ட்ரீமா, நீ இந்தப் பட்டியல்ல இல்லையே. நீ ரிபப்ளிக்கன்ல பதிஞ்சிருக்க. டெமாக்ரட் சீட்டு உனக்குக் குடுக்க முடியாது."

"நானா? எங்க தாத்தா காலத்துலேருந்து நாங்க டெமாக்ரட்டு."

"போன பிரசிடெண்ட் தேர்தலுக்கு முன்னாடி சர்ச் வாசல்ல மேசை போட்டுக் கட்சி மாத்தி எழுதினாங்களே. நீயும் ராட்னியும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாதி சர்ச் மாறிச்சு. உனக்கு ஞாபகமில்லையா?"

ஞாபகம் வந்தது. பிரார்த்தனை முடிந்து வெளியே வரும்போது எல்லாரும் வரிசையில் நின்றார்கள், நாங்களும் நின்றோம். பிரசிடெண்டுக்காகத்தான் என்று நினைத்தோம். ஊர்த் தேர்தலில் இது வந்து கழுத்தைப் பிடிக்கும் என்று யார் நினைத்தது? "சரி, இப்ப மாத்திக் குடு" என்றேன். "மாத்துறதுக்கான கெடு போன டிசம்பரோட முடிஞ்சு போச்சு கண்ணு" என்றாள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

ரிபப்ளிக்கன் கட்சிச் சீட்டைத்தான் கொடுத்தாள். மறைப்புக்குள் போனேன். நீ சொன்ன மாதிரியே நான் மட்டும்தான் நின்றேன். அந்தச் சீட்டில் கோம்ப்ஸும் இல்லை, ஸ்டேசியும் இல்லை. எனக்கு யாரென்றே தெரியாத இரண்டு பெயர்கள். உடனே வெளியே வந்தால் ஆர்லீன் பார்ப்பாளே என்று சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

யாருக்குப் போட முடிவு செய்திருந்தேன் என்று கேட்காதே. இப்போது நான் எதைச் சொன்னாலும் அதற்குக் காசுக்குப் பிரயோஜனம் இல்லை. நீயும் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கஷ்டப்படுவாய்.

இது பாதிதான். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

முடிவு வந்த மறுநாள் ஓபல் அக்கா வந்தார். பலகையைப் பிடுங்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிடுங்கவும் செய்தார். பிறகு அன்று போலவே படியில் உட்கார்ந்தார். அழவில்லை.

"இத்தன வருஷம் கோம்ப்ஸ் எனக்காகக் கடுதாசி எழுதிக்கிட்டிருந்தாரு. நான் வாயே திறக்க வேண்டியிருக்கல. இந்தப் பொண்ணு எழுத மாட்டா. இனிமே நானேதான் போய்ச் சொல்லணும்" என்றார்.

"எங்க போய்?"

"மாநிலத் தலைநகரம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு. வாரியத்துல பறிகொடுத்தவங்கள முன்னாடியே தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். கோம்ப்ஸ்தான் சொன்னாரு. பிப்ரவரில." கொஞ்ச நேரம் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்தப் பெரிய ரோட்டுல வண்டி ஓட்டத் தெரியாது ட்ரீமா. பையன் ஒஹாயோவுல இருக்கான், வர மாட்டான். அவனுக்கு இந்தப் பேச்சே ஆகாது. நீ கூட்டிட்டுப் போறியா?"

எஸ்டில், நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "தம்பிய உள்ள வைக்கச் சொல்லிப் பேசப் போற பொம்பளைக்கு நீ டிரைவரா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்றார். அவர் தட்டை எடுத்து மூடி வைத்தேன்.

நீ வேண்டாம் என்று எழுதினால் போக மாட்டேன். ஏதாவது காரணம் சொல்லிக்கொள்கிறேன். உன் வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.

வெயில் ஏறுகிறது, நிறையத் தண்ணீர் குடி.

அக்கா,
ட்ரீமா


செப்டம்பர் 9, 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் கடிதம் ஜூனிலேயே வந்தது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்ததை நீ படிக்காமல் போனது நல்லது.

ஓட்டை விடு. சர்ச் வாசலில் வரிசை நின்றால் நானும் நின்றிருப்பேன். வெர்லினிடம் சொன்னேன், அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

வேண்டாம் என்று எழுதத்தான் இத்தனை நாளும் முயன்றேன். எழுதினால் நீ போக மாட்டாய். அந்தம்மா தனியாக அந்தச் சாலையில் வண்டியை எடுப்பார், அவரை எனக்குத் தெரியும். அப்புறம் அவருக்கு ஏதாவது ஆனால், அதுவும் என் தலையில்.

கூட்டிக்கொண்டு போ. பிப்ரவரியில் மலை இறக்கத்தில் கண்ணாடி மாதிரி பனி இருக்கும். டயரை மாற்றச் சொல் மாமாவிடம். வழியில் நிறுத்தி அவருக்குச் சூடாக ஏதாவது வாங்கிக்கொடு. அங்கே போனதும் நீ வெளியே நாற்காலியில் உட்கார்ந்துவிடாதே. அவரோடு உள்ளே போ. அப்படிப்பட்ட அறையில் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசை. இருக்கிறது. ஆனால் எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

எஸ்டில்


பிப்ரவரி 5, 2019
மட்லிக் ஓடை

என் எஸ்டிலுக்கு,

நேற்று போய்விட்டு வந்தோம். இருட்டுவதற்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டோம். எனக்கும் ஓபல் அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. உனக்கு நாளைக்கு விசாரணை என்றார்கள். இந்தக் கடிதம் வந்து சேரும்போது முடிவு உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்காது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பேசு என்று சொல்லலாம் என்றால், அதற்கும் தாமதமாகிவிட்டது.

டயரை மாமா மாற்றினார். வழியில் நிறுத்தி அவருக்குச் சூப்பும் பிஸ்கட்டும் வாங்கிக்கொடுத்தேன். வண்டியில் நாங்கள் தக்காளி நாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். அவருடைய அத்தை ஒருத்தி ஏழு தடவை நிச்சயமாகி ஒரு தடவையும் கல்யாணம் ஆகாத கதையைச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஓட்டினேன், எஸ்டில்.

நீ சொன்ன மாதிரி உள்ளேயும் போனேன். சின்ன அறை. நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஓபல் அக்கா எழுந்து நின்றார். கேலாவுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், கல்லூரியில் என்ன படிக்க இருந்தாள், அன்று காலையில் என்ன சட்டை போட்டிருந்தாள் என்றெல்லாம் சொன்னார். உன்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "அவன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ என் வீட்டுல சாப்பிட்டவன். அவனுக்கு என் பொண்ணத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தான். அவன வெளிய விடாதீங்க" என்றார். நான் ஒவ்வொரு வார்த்தையாகக் கவனித்துக் கேட்டேன். எங்கேயாவது ஒரு பொய் இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். இல்லை.

பேசி முடித்ததும் நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினார். நான் எழுந்து தாங்கிப் பிடித்தேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் நான் பார்க்காத அழுகையை அழுதார். அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மேசையில் நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கூட வந்ததுக்கு நன்றிம்மா. நீங்க மகளா? இல்ல, என்ன உறவு வேணும்?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால், உனக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஓபல் அக்கா என் கையை விடவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரி" என்றேன்.

உன் அக்கா,
ட்ரீமா